மறுமொழி: கண் அழுத்தம் என்பதற்கு மாற்றாக விழிக்களைப்பு

அனைவருக்கும் வணக்கம். திரையை நெடுநேரம் பார்ப்பதால் கண்ணுக்கு வரும் தொந்தரவை (eye strain) நம் மென்பொருளின் திரை அமைப்புகளில் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> மன அழுத்தம் என்று சொல்கிறோமே, கண் அழுத்தம் என்று சொன்னால் என்ன?

இந்தச் சொல் வேண்டாம் என்பேன். விழிக்குள் இருக்கும் நீர்மத்தின் அழுத்தத்தைத்தான் கண் மருத்துவர்கள் கண் அழுத்தம் என்கிறார்கள். 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இயல்பு. அதிகமானால் பார்வை நரம்பு கெடலாம். திரை அமைப்புகளில் "கண் அழுத்தத்தைக் குறைக்க" என்று எழுதிவைத்தால், அந்த நோய்க்குத் தினமும் சொட்டு மருந்து விடுகிறவர் அதை எப்படிப் புரிந்துகொள்வார்? வெளிச்சத்தைக் குறைத்தாலே போதும் என்று ஒருவர்கூட நினைத்துவிடக் கூடாது.

> கண் அயர்ச்சி?

ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் கண்ணயர்ந்தார் என்றால் தூங்கிவிட்டார் என்றுதானே பொருள். சோர்வும் சரிவராது, வேலையே செய்யாமல், காய்ச்சலிலும் கவலையிலும் சோர்வு வரும். இங்கே நடப்பது வேறு. பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும்போது கண்ணின் உள்தசை ஒன்று சுருங்குகிறது. திரையை விட்டு எழும்வரை அப்படியே இருக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கும் கண், திரையின் முன்னால் அதில் பாதியாவது இமைத்தால் அதிகம். எரிச்சல், உலர்வு, மங்கல், தலைவலி எல்லாம் அப்புறம் வருகின்றன. உழைத்து வந்தது என்பதால் களைப்பு என்பதே சரியான சொல்.

"கண்களைப்பு" என்று சேர்த்து எழுதினால் "கண்களை" என்று படித்துத் தடுக்கும். அதனால் விழிக்களைப்பு என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை.

> திரையை மஞ்சளாக்கும் வசதிக்குக் கண்காப்பு நிலை என்று பெயர் வைக்கலாம்.

இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். திரையால் கண்ணுக்கு வரும் தொந்தரவுக்கு நீல ஒளி காரணமில்லை என்று அமெரிக்கக் கண் மருத்துவக் கழகமே சொல்லியிருக்கிறது. தராத ஒன்றைத் தருவதாகப் பெயரே சொல்லக் கூடாது. மஞ்சளான திரை இரவில் இதமாக இருக்கிறது. அதை மட்டும் சொல்லும் "வெதுநிறம்" போதும்.

அந்த வசதிக்குள் இருக்கும் "நிறவெப்பநிலை" பட்டையில் (இழுத்து நகர்த்தும் கோடு) இன்னொரு சிக்கல். எண்ணைக் கூட்டினால் திரை நீலம் பாய்கிறது, குறைத்தால் சிவக்கிறது. உலையில் இரும்பு முதலில் சிவந்து, சூடு ஏற ஏற வெளுப்பதைப் போல, 6500 கெல்வின் வெள்ளை, 2700 கெல்வின் பழைய குண்டு பல்பின் மஞ்சள். இயற்பியல்படி சரிதான், ஆனால் பயனருக்கு எதற்கு இது? பட்டையின் இரு முனைகளிலும் "வெதுப்பு", "குளிர்ச்சி" என்று எழுதிவிட்டு எண்ணை எடுத்துவிடலாம்.

உண்மையில் உதவுவது வெளிச்சப் பட்டைதான். அதன் கீழே வரும் உதவிக்குறிப்பை இப்படி மாற்றியிருக்கிறேன்: "வெள்ளைப் பக்கம் விளக்கைப் போலக் கூசினால் குறையுங்கள், சாம்பலாக மங்கினால் கூட்டுங்கள்." அறை வெளிச்சத்துக்குத் திரையைப் பொருத்துவது என்பது இவ்வளவுதான். எழுத்தளவைக் கூட்டும் இணைப்பையும் அங்கேயே சேர்த்துவிட்டேன். எழுத்து சிறியதாக இருந்தால் முகம் தானாகவே திரைக்கு நெருங்கிவிடும்.

"ஒளிர்வு" வேண்டுமென்று கேட்டவருக்கு: வெளிச்சம் எல்லோருக்கும் தெரிந்த சொல், அதுவே இருக்கட்டும்.

விழிக்களைப்புக்கு மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்த வெளியீட்டுக்கு முன் சரங்களை (திரையில் தோன்றும் சொற்களையும் வரிகளையும்) திருத்திவிடுகிறேன்.