டெனெரீஃப் வழக்கு: இணையத் துப்பறிவாளர்கள் தேடினார்களா, கதை கட்டினார்களா?

அகல்விளக்கு:
2024 ஜூன் 17 அன்று ஸ்பெயினின் டெனெரீஃப் தீவில் 19 வயது பிரிட்டிஷ் இளைஞர் ஒருவர் காணாமல் போனது இங்கே பலருக்கும் நினைவிருக்கும். தெற்குக் கரையில் இசை விழா முடிந்ததும் இரண்டு பேருடன் காரில் ஏறி, தீவின் வடமேற்கில் இருக்கும் மாஸ்கா என்ற மலைக் கிராமத்துக்குப் போனார். காலையில் பேருந்து கிடைக்காமல் நடக்கத் தொடங்கினார். தோழிக்குப் போன் செய்து, வழி தெரியவில்லை, தண்ணீர் இல்லை, சார்ஜ் 1 சதவீதம்தான் இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு தொடர்பே இல்லை. ஜூலை 15 அன்று அந்தப் பகுதிப் பள்ளத்தாக்கு ஒன்றில் உடல் கிடைத்தது. 2025 ஜூலையில் பிரிட்டனில் நடந்த மரண விசாரணை, இது விபத்து மரணம் என்று முடித்தது.

இடைப்பட்ட அந்த நான்கு வாரங்களில் இணையத்தில் ஓடியது என்ன? போதைக் கும்பல் கடத்தியது, நண்பர்கள் மறைக்கிறார்கள், நிதி திரட்டத்தான் இந்த நாடகம், ஆளே தலைமறைவு. முகநூல் குழுக்களில் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். ஜூன் 29 அன்று மாஸ்காவில் பெரிய தேடல் ஒன்றுக்குத் தன்னார்வலர்களைப் போலீஸ் அழைத்தபோது வந்தவர்கள் ஆறு பேர். எனக்கு இந்த ஓர் எண்ணே போதும். அங்கே நடந்தது தேடல் இல்லை, பொழுதுபோக்கு.

காற்றாலை:
அந்த ஆறு பேர் கணக்கு எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. அழைப்பு யாருக்கு என்று பார்த்தீர்களா? தீயணைப்புத் தன்னார்வலர்கள், குடிமைப் பாதுகாப்புக் குழுக்கள், கரடுமுரடான நிலத்தில் தேடிப் பழகியவர்கள். அழைப்பு வந்தது வெள்ளிக்கிழமை, தேடல் சனிக்கிழமை காலை. ஒரே நாள் அவகாசத்தில் வேறு நாட்டிலிருந்து முகநூல் குழுவில் இருப்பவர் எப்படி வருவார்? வந்தால்தான் மலை மேல் விடுவார்களா?

இன்னொன்று. மறுநாளே, ஜூன் 30 அன்று, தேடல் முடிந்தது என்று அறிவித்துவிட்டார்கள். உடல் கிடைத்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து. அந்த இரண்டு வாரமும் இந்தப் பெயரை யாரும் மறக்காமல் வைத்திருந்தது யார்? நீங்கள் கேலி செய்யும் இந்தக் கூட்டம்தான்.

வரையாடு:
உடலைக் கண்டுபிடித்தது ஸ்பெயின் போலீஸ் படையான கார்டியா சிவில் அமைப்பின் மலை மீட்புக் குழு. பகிரங்கத் தேடலை நிறுத்திய பிறகும் அவர்கள் அமைதியாகத் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். பெயர் நினைவில் இருந்ததற்கும் உடல் கிடைத்ததற்கும் என்ன தொடர்பு என்று புரியவில்லை.

நான் மலையேற்றம் போகிறவன். இந்த வழக்கில் எனக்கு எரிச்சல் தந்தது ஒரே கேள்வி: "தங்குமிடத்துக்குப் பதினொரு மணி நேர நடை என்று தெரிந்தும் யாராவது நடப்பார்களா? அதனால் இது பொய்." நடப்பார்கள். தூக்கமில்லாத இரவு, அறிமுகமில்லாத இடம், தீரப்போகிற போன். அந்த நிலையில் யாரும் வரைபடத்தைப் போட்டு யோசிப்பதில்லை. சாலை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். கீழே கடல் தெரியும். நேராக இறங்கினால் கரைக்குப் போய்விடலாம் என்று தோன்றும். அந்தத் தீவின் எரிமலைப் பாறைப் பள்ளத்தாக்குகளில் அதுதான் பொறி. இறங்கிக்கொண்டே போவீர்கள், திடீரென்று பாதை செங்குத்தாக அறுந்துபோகும். மழைக்காலத்தில் அருவி விழும் இடம் அது. மேலே திரும்பி ஏறத் தெம்பு இருக்காது.

அப்புறம் "நாய், டிரோன், ஹெலிகாப்டர் எல்லாம் இருந்தும் எப்படித் தப்பியது" என்ற கேள்வி. மேலிருந்து பார்த்தால் பாறையும் நிழலும் புதரும்தான் தெரியும். இடுக்கில் கிடக்கும் ஒருவர் பத்தடி தள்ளி நிற்பவர் கண்ணுக்கே படமாட்டார். போன் கோபுரம் காட்டுவது ஒரு பரப்பை, புள்ளியை அல்ல. உடல் கிடைத்தது போன் கடைசியாகப் பதிவான இடத்துக்கு அருகில்தான். தேடியவர்கள் முதல் நாளிலிருந்தே சரியான பக்கத்தில்தான் இருந்தார்கள்.

காற்றாலை:
சரி, மலைப் பாடம் பயனுள்ளது. மறுக்கவில்லை. ஆனால் "அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் சும்மா இருங்கள்" என்ற தொனிதான் இடிக்கிறது. கலிஃபோர்னியாவின் டிரக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஆகஸ்ட் 6 நள்ளிரவுக்குப் பிறகு, முகாம் மைதானத்தில் நடந்த விருந்திலிருந்து 16 வயதுப் பெண் ஒருவர் காரோடு காணாமல் போனார். எஃப்.பி.ஐ. வரை வந்தது. ஏரியில் படகு விட்டுத் தேடினார்கள். இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. ஆகஸ்ட் 21 அன்று ஆரிகானிலிருந்து வந்த தன்னார்வ முக்குளிப்போர் குழு ஒன்று அதே ஏரியில் சோனாரை, அதாவது ஒலியலையால் நீருக்கடியில் பார்க்கும் கருவியை, இறக்கியது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, சுமார் 14 அடி ஆழத்தில் கார் தலைகீழாகக் கிடப்பது தெரிந்தது. யூடியூபில் காணொளி போடுகிற குழு அது. வெளியாட்கள் இல்லையென்றால் அந்தக் குடும்பம் இன்னும் எத்தனை மாதம் காத்திருக்கும்?

அமெரிக்காவின் 2021 வயோமிங் வழக்கும் அப்படித்தான். வேனில் பயணம் போன இளம்பெண்ணைத் தேடியபோது, அதே வழியாகப் போன இன்னொரு குடும்பம் தங்கள் பழைய காணொளியைப் புரட்டிப் பார்த்தது. அதில் அந்த வேன் இருந்தது.

அகல்விளக்கு:
நீங்கள் சொன்ன இரண்டு உதாரணங்களும் என் பக்கம்தான் சேர்கின்றன. டிரக்கியில் வந்தவர்கள் கையில் இருந்தது சோனார். வயோமிங் குடும்பத்திடம் இருந்தது ஒளிப்பதிவு. அவர்கள் அதை எஃப்.பி.ஐ.யிடம் கொடுத்தார்கள். இவர்களில் யாரும் அறையில் உட்கார்ந்து, நண்பியின் கண் இமைப்பதைப் பார்த்து "பொய் சொல்கிறாள்" என்று தீர்ப்பு எழுதவில்லை.

அதே டிரக்கி வழக்கில் மற்ற வெளியாட்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். அந்தப் பெண் காணாமல் போனதே நாடகம் என்று எழுதினார்கள். கடைசியில் அது மூழ்கி நேர்ந்த விபத்து என்று அந்த ஆண்டே அறிவித்தார்கள். நாடகம் என்று எழுதியவர்கள் அடுத்த வழக்குக்குப் போய்விட்டார்கள்.

பழைய நிருபர்:
டிரக்கியில் ஒரு விஷயம் கவனிக்கப்படாமல் போகிறது. அந்த விருந்துக்கு நூற்றுக்கணக்கான இளைஞர்கள் வந்திருந்தார்கள். பலர் சட்டப்படி மது அருந்தும் வயதை எட்டாதவர்கள். போலீஸ் பகிரங்கமாகவே சொல்ல வேண்டி வந்தது: நீங்கள் குடித்தீர்களா என்பது எங்களுக்கு வேண்டாம், யாரையும் தண்டிக்க வரவில்லை, பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.

விருந்துக்குப் பின் ஒருவர் காணாமல் போகும் வழக்குகளின் சுபாவம் இது. முதல் சாட்சிகள் எல்லோரும் பயந்துபோன பிள்ளைகள். அப்பா அம்மாவுக்குத் தெரியக் கூடாத ஏதோ ஒன்று ஒவ்வொருவரிடமும் இருக்கும். அதனால் முதல் வாக்குமூலத்தில் நேரம் மாறும், எங்கே நின்றோம் என்பது மாறும், யார் கொண்டுவந்தது என்பது மறையும். குற்றம் செய்யாதவனும் இப்படித்தான் உளறுவான். போலீஸ் பக்குவமாக உட்காரவைத்து மூன்றாவது முறை கேட்கும்போது உண்மை வரும். வெளியே பத்து லட்சம் பேர் அந்த முதல் உளறலை வைத்துப் படம் போட்டு அம்புக்குறி வரைந்துகொண்டிருந்தால், மூன்றாவது முறை யார் வாயைத் திறப்பார்கள்?

டெனெரீஃபில் அதுதான் நடந்தது. 2025 மே மாதம் மரண விசாரணை தொடங்கியபோது நண்பர்கள் வரவில்லை. அம்மாவே எழுந்து, அவர்களிடம் கேட்க வேண்டியது இருக்கிறது என்று கேட்டு ஒத்திவைக்கச் செய்தார். அவர்கள் வராததற்குக் காரணம் இணையத்தில் பட்ட அவமானம்.

காற்றாலை:
ஐயா, கடைசி வரிக்கு ஆதாரம்? அவர்கள் ஏன் வரவில்லை என்று உங்களிடம் சொன்னார்களா? ஊகம் தப்பு என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு அதே மூச்சில் நீங்களும் ஒருவர் மனதுக்குள் புகுந்து வருகிறீர்கள். நாங்கள் செய்தால் வதந்தி, நிருபர் செய்தால் ஆய்வா?

நெல்லிக்காய்:
அடி சரியாக விழுந்தது 😀

ஆனால் காற்றாலை, அந்த ஒரு வரியைத் தூக்கிவிட்டாலும் மேலே உள்ளது நிற்கிறது. ஜூலையில் விசாரணை மறுபடி கூடியபோது நண்பர்களும், மாஸ்காவுக்குக் காரில் கூட்டிப்போன இரண்டு பேரில் ஒருவரும் சாட்சி சொன்னார்கள். அந்த இரண்டு பேருக்கும் வழக்கில் தொடர்பில்லை என்று ஸ்பெயின் போலீஸ் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தது. ஒரு வருடம் கழித்தும் அவர்களைக் கொலைகாரர்கள் என்று எழுதியவர்கள் இருந்தார்கள். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

2013 பாஸ்டன் ஞாபகம் இருக்கிறதா? மாரத்தான் குண்டுவெடிப்பு. ஏற்கெனவே காணாமல் போயிருந்த கல்லூரி மாணவர் ஒருவரின் படத்தை எடுத்து, குண்டு வைத்தவர் இவர்தான் என்று ரெடிட்டில் கொண்டாடினார்கள். மகனைத் தேடிக்கொண்டிருந்த வீட்டுக்கு வசவு போன் வந்தது. ரெடிட் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மாணவரின் உடல் பிறகு ஆற்றில் கிடைத்தது. குண்டுவெடிப்புக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

காற்றாலை:
அத்துமீறுகிறவர்களை நான் ஆதரிக்கவில்லை. கதை முளைக்கும் நிலம் எது என்று கேட்கிறேன். இங்கிலாந்தின் லங்காஷயரில் 2023 ஜனவரியில் நாயோடு நடக்கப் போன ஒரு பெண் காணாமல் போனார். மூன்று வாரம் கழித்து ஆற்றில் உடல். அதுவும் விபத்துதான். அப்போது எழுந்த வதந்திகளுக்கு அளவே இல்லை. அதே ஆண்டு நவம்பரில் போலீஸ் கல்லூரியின் ஆய்வறிக்கை வந்தது. அது யாரைக் குறை சொன்னது? ஊடகங்களுக்கு உரிய தகவல் தராமல் வெற்றிடத்தை உண்டாக்கி, ஊகம் தாறுமாறாக ஓட விட்டதற்காக லங்காஷயர் போலீஸை. போதாக்குறைக்கு அந்தப் பெண்ணின் உடல்நிலை பற்றிய அந்தரங்க விவரத்தைப் போலீஸே வெளியிட்டது. டிக்டாக் ஆட்கள் செய்யவில்லை.

டெனெரீஃபிலும் ஸ்பெயின் போலீஸ் பல நாள் வாயே திறக்கவில்லை. பிரிட்டிஷ் போலீஸ் உதவிக்கு வருகிறோம் என்றபோது வேண்டாம் என்றார்கள். மகனைக் காணோம் என்று வந்து நிற்கும் தாய்க்கு மொழியும் தெரியாது, பதிலும் கிடைக்காது. அந்த நிலையில் மக்கள் பேசாமல் இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

மட்டுறுத்துநர்:
ஒரு பின்னூட்டம் நீக்கப்பட்டது. நண்பர் ஒருவரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை இணைத்து "இவரிடம் கேளுங்கள்" என்று எழுதியிருந்தார்கள். விசாரணை முடிந்து தீர்ப்பு வந்த வழக்கு. இன்னொரு முறை நடந்தால் இழையைப் பூட்டிவிடுவேன்.

அகல்விளக்கு:
விவாதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கிறது பாருங்கள்.

காற்றாலை, லங்காஷயர் அறிக்கையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. மௌனம் வதந்திக்கு வழி விடும். ஆனால் வழி விட்டவன் மேல் பழி போட்டுவிட்டால் நடந்தவன் தப்பித்துக்கொள்கிறான். பார்வைக்குப் பணம் என்ற ஏற்பாடு இருக்கும்வரை போலீஸ் தினம் மூன்று முறை பேசினாலும் இது நிற்காது. "இன்று புதிதாக எதுவும் இல்லை" என்று சொல்லும் காணொளியை யார் பார்ப்பார்கள்? தினமும் ஒரு புதிய வில்லன் வேண்டும். அதுவும் குடும்பத்துக்கு நெருங்கியவராக இருந்தால் இன்னும் நல்லது, பார்வை கூடும்.

வரையாடு:
எனக்கு வேறு ஒரு வருத்தம். இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் ஆபத்து மனித உருவில்தான் வருகிறது: கும்பல், அந்நியன், துரோகி நண்பன். டிரக்கியில் இருட்டும் ஏரியும், மாஸ்காவில் வெயிலும் பாறையும் இருந்தன. தூங்காமல் வண்டி ஓட்டாதே, இரவு எங்கே போகிறாய் என்று ஒருவருக்காவது சொல், வழி தெரியாவிட்டால் சாலையை விட்டு இறங்காதே, கடைசி 1 சதவீதத்தில் அவசர எண்ணை அழை. ஐரோப்பா முழுக்க 112. இதைச் சொல்லும் ஒரு காணொளிகூட என் கண்ணில் படவில்லை. கடத்தல் கதையை நம்பி வளரும் பிள்ளை, அந்நியனைக் கண்டு ஒதுங்குவான், பள்ளத்தாக்கில் தைரியமாக இறங்குவான்.

காற்றாலை:
இதை மறுக்க எனக்கு ஒன்றுமில்லை. உண்மையில் இந்த இழையில் நான் படித்ததில் உருப்படியானது இதுதான்.

ஆனாலும் நான் கேட்பதை நிறுத்தப்போவதில்லை. நண்பனையும் தோழியையும் விட்டுவிடுகிறேன். அலுவலகங்களைக் கேட்பேன். உதவியை ஏன் மறுத்தீர்கள்? இரண்டு வாரத்தில் ஏன் தேடலை முடித்ததாக அறிவித்தீர்கள்? வேறு நாட்டிலிருந்து வரும் பெற்றோருக்கு முதல் நாளே ஒரு தொடர்பு அதிகாரி ஏன் கூடாது? டிரக்கி ஏரியில் முதலில் தேடியவர்கள் எந்தக் கருவியை, எந்தப் பகுதியில் இறக்கினார்கள்?

அகல்விளக்கு:
இந்த நான்கு கேள்விகளுக்கும் கீழே நானும் பெயர் போடுகிறேன். மனுவாக எழுதுங்கள், ஸ்பானிஷில் மொழிபெயர்க்கத் தெரிந்தவர் இங்கே இருவராவது இருக்கிறார்கள். காணொளியாகப் போடாதீர்கள்.

காற்றாலை:
போட்டால் உங்கள் மனுவைவிடப் பத்து மடங்கு பேர் பார்ப்பார்களே?