குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் பூக்குமா?

கேள்வி:
வணக்கம். நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான் பூக்கும் என்று படித்திருக்கிறேன். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கேனும் குறிஞ்சி பூத்ததாகச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. 12 ஆண்டுக் கணக்கு தவறா? பூக்காத காலமெல்லாம் அது விதையாக மண்ணுக்குள் கிடக்கிறதா?

மறுமொழி 1:
கணக்கு தவறன்று; குறிஞ்சி என்ற பெயர்தான் பல செடிகளுக்குப் பொதுவாகிவிட்டது. நீலக்குறிஞ்சி என்பது ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்னும் ஓர் இனம் மட்டுமே. அதே பேரினத்தைச் சேர்ந்த பிற குறிஞ்சிகளில் சில ஆண்டுதோறும், சில வேறு இடைவெளிகளில் பூக்கின்றன. மேலும், நீலக்குறிஞ்சியிலேயே எல்லா மலைகளும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை. மூணாறு, கொடைக்கானல் பகுதிகளின் பெரும்பூப்பு 1994, 2006, 2018 என வர, இடுக்கி மாவட்டத்துச் சாந்தன்பாறைப் பகுதியில் 2022-இல் பூத்தது.

மறுமொழி 2:
விதையாகக் கிடப்பதில்லை, ஐயா. பூக்காத ஆண்டுகளிலும் அது சரிவில் பச்சைப் புதராகத்தான் நிற்கிறது. நாம்தான் அதைக் கவனிக்காமல் கடந்துபோகிறோம். கனகாம்பரமும் ஆடாதோடையும் நிலவேம்பும் சேர்ந்த அகாந்தேசியே குடும்பத்துச் செடி இது. எதிரெதிராக அமைந்த, ஓரத்தில் பல்வெட்டுள்ள இலைகளையும், பூக்கும் பருவத்தில் நெருக்கமான கதிர்களில் மலரும் மணி வடிவ நீலப்பூக்களையும் கொண்டு அடையாளம் காணலாம். பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பூத்து, தேனீக்களால் மகரந்தச் சேர்க்கை பெற்று, விதை முற்றியபின் செடி முழுவதுமாகப் பட்டுப்போகிறது. ஒரே சமயத்தில் கணக்கின்றி விதை விழுவதால், தின்பவை தின்றதுபோக மிச்சம் முளைக்கும் என்பது இந்தக் கூட்டுப்பூப்புக்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று. எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் இப்போது சோலைக்காட்டுக்குள் தேடினால் அந்தப் புதரைப் பார்க்கலாமா?

மறுமொழி 2:
சோலைக்குள் வேண்டாம். சுமார் 1,300 முதல் 2,400 மீட்டர் உயரத்தில், மரநிழல் விழாத திறந்த புல்வெளிச் சரிவுகளே அதன் இடம். சோலைகளோ மலைமடிப்புகளில் ஒதுங்கி வளர்பவை. மரமில்லாத புல்வெளியைத் தரிசு என்று கருதித் தைலமரமும் சீகை மரமும் நட்ட இடங்களில்தான் குறிஞ்சி அதிகம் அழிந்தது. 2030-இல் பூக்க வேண்டிய செடிகள் இன்று அந்தச் சரிவுகளில் வளர்ந்துகொண்டிருக்கின்றன. ஆகவே புல்வெளியில் நடக்கும்போது அவற்றை மிதிக்காமல் பாதை வழியே செல்லுங்கள்.