புதுப்பிப்பு: கல்லடி வீட்டு விறாந்தையில் பொரிந்துபோன அலுமினியத் தகடு

மூன்று மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன்: கல்லடியில் கடற்கரைப் பக்கமுள்ள எங்கள் வீட்டு விறாந்தையில், உக்காமலும் செல்லரிக்காமலும் இருக்க மருந்தேற்றிய பைன் தீராந்திக்கு (தாங்கு மரத்துக்கு) மேல் அடித்த அலுமினியத் தகடு இரண்டு மாரிக்குள் ஏன் பொரிந்துபோனது என்று. உப்புக்காற்றுதான் என்று பலரும் சொன்னீர்கள். அது பாதிதான் சரி.

போன கிழமை தச்சுவேலை தெரிந்த மாமாவோடு தகட்டைக் கழற்றினேன். கடலைப் பார்த்த வெளிப்பக்கம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். மரத்தில் ஒட்டியிருந்த பக்கமோ வெள்ளை மாப்போலப் பூத்து, விரல் வைத்ததும் உதிர்ந்தது. ஆணித் துளைகளைச் சுற்றி அரிசி அளவில் ஓட்டைகள்.

மரத்துக்கு ஏற்றிய மருந்தில் செம்பு இருக்கிறது. மரம் நனைந்தால் அந்தச் செம்பு கசிந்து அலுமினியத்தை அரிக்கும், கல்வனைஸ் தகட்டின் நாகப் பூச்சையும் தின்னும். உப்பு அதை வேகப்படுத்தும். அமெரிக்காவில் 2003 முடிவோடு ஆர்செனிக் கலந்த மருந்தைப் பெரும்பாலான வீட்டு மரங்களுக்கு நிறுத்தினார்கள். பதிலுக்கு வந்த மருந்துகளில் செம்பு இன்னும் அதிகம்.

இப்போது உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு போட்டிருக்கிறோம். "ஆணியும் அதே சாதியா இருக்கணும் மருமகன்" என்று மாமா பிடிவாதமாக நின்றார், சரியாகத்தான் சொன்னார். செலவு கொஞ்சமல்ல. அலுமினியம்தான் கையில் இருக்கிறதென்றால் இடையில் தார்ப்படலம் ஒட்டலாம். ஆனால் ஆணித் துளையால் தண்ணீர் இறங்குமே, எனக்கு மனம் ஒப்பவில்லை.

வடக்குப் பக்கத்துத் தகடு இன்னும் பழையதுதான். ஐப்பசி மழைக்கு முன் அதையும் மாற்றிவிடுவோம்.