புதுப்பிப்பு: தங்கையின் மாதவிலக்குக் கோளாறும் தைராய்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் என் தங்கைக்கு மாதவிலக்கு தள்ளிப்போய்ப் பின்பு அளவுக்கு மீறி உதிரம் படுவதையும், முடி கொத்தாக உதிர்வதையும் முன்பு எழுதியபோது, பலரும் சினைப்பை நீர்க்கட்டியாக இருக்கலாம் என்றீர்கள்.

இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) மிகுந்தும் டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) குறைந்தும் இருந்ததால், தைராய்டு சுரப்புக் குறைவு என்று மருத்துவர் உறுதிசெய்துள்ளார். தைப்பூசக் காவடி நாளின் கடும் வெக்கையிலும் அவள் கம்பளிச் சட்டையைக் கழற்றாததையும், குரல் கரகரத்து முகம் உப்பியிருந்ததையும் அவர் பொறுமையாகக் கேட்டறிந்தார். மாதவிலக்குக் கோளாறோடு இவையும் சேர்ந்திருந்தால், தைராய்டைப் பார்க்காமல் விடவே கூடாது என்பேன்.

தைராய்டு சுரப்புக் குறைவை ஈடுசெய்யும் லெவோதைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில், காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் விழுங்குகிறாள். இரத்தசோகைக்கான இரும்புச்சத்து மாத்திரையை 4 மணி நேரம் தள்ளியே எடுக்கிறாள். மறுபரிசோதனை 6 முதல் 8 வாரங்களில் நடக்கும்.