புதுப்பிப்பு: வேப்பிலைச் சாறு கலங்கியதற்குக் காரணம் தண்ணீர்

போன வாரம் புலம்பியிருந்தேனே, மூன்றாமாண்டு புராஜெக்டில் வெள்ளி நானோ துகள்கள் (மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள்) செய்ய சில்வர் நைட்ரேட் கரைசலில் வேப்பிலைச் சாற்றைச் சேர்த்தால், துகள் உருவானதற்கு அடையாளமாகப் பழுப்பாகாமல் மோர் மாதிரி கலங்குகிறது என்று? இலைதான் சரியில்லை என்று நானும் தோழியும் மூன்று மரம் மாறிப் பறித்தோம். வீண் அலைச்சல்.

கண்டுபிடித்தவர் லேப் அண்ணன். "இலையை விடும்மா, முதல்ல தண்ணியைப் பாரு" என்றார். 'டிஸ்டில்டு வாட்டர்' என்று ஒட்டியிருந்த கேனிலிருந்து சோதனைக் குழாயில் கொஞ்சம் பிடித்து, இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டார். உடனே பால் போல வெளுத்தது. ஜன்னலோரம் வைத்ததும் மெல்ல ஊதா ஏறியது. தண்ணீரிலுள்ள உப்பின் குளோரைடோடு வெள்ளி சேர்ந்து உண்டாகும் சில்வர் குளோரைடேதான்! கேன் காலியானபோது யாரோ போர் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே உப்புக் கரிக்கும்.

புதிதாகக் காய்ச்சி வடித்த நீரில் 1 மில்லிமோலார் (மிகவும் நீர்த்த) சில்வர் நைட்ரேட் கரைசல் தயாரித்து, குடுவைகளையும் வடிநீரிலேயே அலசி மறுபடி செய்தோம். முக்கால் மணி நேரத்தில் இளமஞ்சளாக இருந்தது கடுந்தேநீர் நிறமானது. எந்த அலைநீள ஒளியைக் கரைசல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் யுவி-விசிபிள் கருவியில் 430 நானோமீட்டர் பக்கம் முகடு; வெள்ளி நானோ துகள்களுக்கு வருவதுதான். கொஞ்சம் அகலம்தான், துகள்கள் ஒரே அளவில் இல்லை போல.

அப்புறம், போன பதிவைப் படித்துவிட்டு பிஎச் (அமில-கார அளவு) மாற்றிப் பார்க்கச் சொன்னவர்களுக்கு: அதைத் திங்கட்கிழமை செய்கிறோம்.