பால் பெட்டியில் ஒரு கான்ஜி: ‘பச்சை’ என்கிறது அகராதி, அம்மா காய்ச்சச் சொல்கிறார். உதவி தேவை

நிஷிகசாய்_வாசி கேட்டது:

வணக்கம். டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் இருக்கிறேன். ஜூலையில் ஜேஎல்பிடி (ஜப்பானிய மொழித் தேர்வு) நான்காம் நிலை எழுதப் போகிறேன். (கஞ்சி என்று எழுதினால் பசிக்கிறது, காஞ்சி என்று எழுதினால் பட்டுப்புடவை நினைவுக்கு வருகிறது. அதனால் கான்ஜி: ஜப்பானிய மொழியில் புழங்கும் சீன எழுத்து.)

எழுத்தை ஒட்டினால் என் போனில் வெறும் கட்டமாக வருகிறது. வாயாலேயே வரைகிறேன்: மூன்று கிடைக்கோடு, நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு நெட்டுக்கோடு, இடப்பக்க உச்சியில் ஒரு சின்ன சாய்கோடு. மொத்தம் ஐந்து. அடிக்கோடுதான் எல்லாவற்றிலும் நீளம். ‘சென்செய்’ (ஆசிரியர்) என்பதில் இரண்டாவதாக வருமே, அதேதான்.

பிரச்சினை இப்படி ஆரம்பித்தது. அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். பால் வாங்கி வந்தேன். பெட்டியின் முன்பக்கம் பெரிதாக ‘கியூன்யூ’ (பசும்பால்) என்று இருக்கிறது. பக்கவாட்டில் சின்ன எழுத்தில் கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொரு சொல், கூடவே 100%. முதலில் ஒரே சொல் என்றுதான் நினைத்தேன். உற்றுப் பார்த்தால் இரண்டாவதில் முதல் எழுத்து நான் மேலே சொன்ன எழுத்து. அகராதிச் செயலியில் தேடினால் ‘நமா: பச்சையானது, சமைக்காதது’ என்கிறது. அம்மாவிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். “பச்சைப் பாலா? காய்ச்சாமல் யாரும் தொடக் கூடாது” என்று உத்தரவு போட்டுவிட்டார்.

1. இந்தப் பாலைக் காய்ச்ச வேண்டுமா?
2. இந்த எழுத்து சென்செய்யில் ‘செய்’, பிறந்தநாளில் ‘ஜோ’, பீர் கடையில் ‘நமா’. எங்கே எப்படிப் படிப்பது என்று எதை வைத்துக் கண்டுபிடிக்கிறீர்கள்?

பால்காரர்_மகன்:

காய்ச்ச வேண்டாம். பெட்டியில் அதே கட்டத்துக்குள் ‘சக்கின்’ என்று ஒரு வரி இருக்கும், கிருமி நீக்கம் என்று பொருள். பக்கத்தில் 130 டிகிரி, 2 விநாடி என்று போட்டிருப்பார்கள். சில பால்களில் 65 டிகிரி, 30 நிமிடம் என்று இருக்கும். இரண்டுமே காய்ச்சி வந்தவைதான்.

நீங்கள் பார்த்த சொல் ‘செய்ன்யூ’. கறந்தபடி இருக்கும் பால். “இந்தப் பெட்டிக்குள் இருப்பது முழுக்கக் கறந்த பாலிலிருந்து செய்தது, பால்பவுடரோ வெண்ணெயோ தண்ணீரோ கலக்கவில்லை” என்பதுதான் அந்த 100%. பெட்டிக்குள் பச்சைப் பால் இருக்கிறது என்று அர்த்தமில்லை. வேறு பொருள் சேர்த்தால் அதைக் ‘கியூன்யூ’ என்று விற்கவே முடியாது, வேறு பெயர் போட்டாக வேண்டும்.

கியூன்யூவில் முதல் எழுத்து மாடு. அதில் கோடு நான்குதான். அடியில் தரை மாதிரி ஒரு கோடு கிடையாது, நெட்டுக்கோடு கீழே தொங்கும். உங்கள் எழுத்துக்குத் தரை உண்டு. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அவசரத்தில் எல்லோரும் ஏமாறுவோம்.

ஒரு உபரித் தகவல்: பெட்டியின் தலைவிளிம்பில் அரைவட்டமாக ஒரு சின்ன வெட்டு இருக்கிறதா, தடவிப் பாருங்கள். பார்வையில்லாதவர்கள் இது கலப்பில்லாத பால், ஜூஸ் இல்லை என்று கண்டுகொள்ள வைத்தது. வெட்டுக்கு எதிர்ப்பக்கம்தான் திறக்கும் வாய்.

மாலை_வகுப்பு:

இந்த எழுத்துக்கு ஜப்பான் அரசின் ஜோயோ (அன்றாடப் புழக்க) கான்ஜிப் பட்டியலிலேயே 12 உச்சரிப்பு இருக்கிறது: சீன வழியில் வந்தவை இரண்டு, ஜப்பானியச் சொந்தம் பத்து. பட்டியலில் உள்ள 2,136 எழுத்தில் இதுபோல இன்னொன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இத்தனைக்கும் முதல் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் 80 எழுத்தில் ஒன்று. ஒரு அட்டவணை போட்டு 12-ஐயும் தினம் பத்து முறை எழுதுங்கள், நின்றுவிடும்.

கன்சாய்_அக்கா:

மாலை வகுப்பார் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த அட்டவணையை நானும் எழுதினேன். சுவரில் ஒட்டினேன். கடையில் போய் நின்றால் ஒன்றும் வரவில்லை. உச்சரிப்பை மனப்பாடம் செய்யாதே தம்பி, சொல்லைப் பிடி.

முதலில் வாலைப் பார். கான்ஜிக்குப் பின்னால் ஒட்டி வரும் ஹிரகானாவை, அதாவது ஜப்பானிய ஒலியெழுத்தைத்தான் சொல்கிறேன். வால் ‘கி’ என்று தொடங்கினால் இ-கிரு, உயிர்வாழ்வது. ‘மா’ என்றால் உ-மாரெரு, பிறப்பது. ‘மு’ என்றால் உ-மு, பிள்ளை பெறுவது. ‘எ’ என்றால் ஹ-எரு, முளைப்பது: புல், பல், மீசை எல்லாவற்றுக்கும் இதுதான். பத்துச் சொந்த உச்சரிப்பில் எட்டுக்கு இப்படி வால் உண்டு, முதல் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

வால் இல்லாமல் வருவது நமாவும் கியும்தான். தின்கிற, குடிக்கிற பொருளுக்கு முன்னால் நின்றால் பெரும்பாலும் நமா: நமா-தமகோ (பச்சை முட்டை), நமா-பீரு (சூடேற்றிக் கிருமி நீக்காத பீர்), நமா-கோமி (சமையலறைக் குப்பை). ‘கி’ கொஞ்சம் அரிது, கலப்படமில்லாதது, பதப்படுத்தாதது என்ற பொருளில் வரும். கீட்டோ என்றால் கச்சாப் பட்டுநூல். 1872-இல் தொமியொக்காவில் அரசு தொடங்கிய ஆலை அதற்குத்தான்.

இன்னொரு கான்ஜியோடு தோளோடு தோள் நின்றால் செய் அல்லது ஷோ. செய்கத்சு (வாழ்க்கை), ககுசெய் (மாணவர்), ஜின்செய் (மனித வாழ்வு): செய்தான் அதிகம். ஷோ அதற்கு முன்பே சீனாவின் தென்பக்கத்திலிருந்து வந்த உச்சரிப்பு, பௌத்தச் சொற்களில் தங்கிவிட்டது. செஷ்ஷோ என்றால் உயிர்க்கொலை, ஓஜோ என்றால் இறந்து மறுபிறவி எடுப்பது. இஷ்ஷோ (வாழ்நாள் முழுக்க), தன்ஜோபி (பிறந்தநாள்) இரண்டும் அந்த வழிதான். நீ கேட்ட ‘ஜோ’ என்பது ஷோ மெலிந்து வந்தது.

இதையெல்லாம் மீறுகிற சொற்களும் உண்டு. ‘இந்த எழுத்து + பொருள்’ என்று இரண்டு கான்ஜியைச் சேர்த்து எழுதினால் பள்ளிக்கூடத்தில் செய்புத்சு, உயிரியல். அதே இரண்டு எழுத்து சமையலறையில் நமமோனோ, சமைக்காத உணவு. இடத்தை வைத்துத்தான் தெரியும். சோயா சாஸில் இன்னும் மோசம்: நமா-ஜோயு என்றால் சூடேற்றாதது, கி-ஜோயு என்றால் வேறு சுவைப்பொருள் சேர்க்காதது. எழுத்து ஒன்றே.

ஊர்ப்பெயரில் மட்டும் ஊகிக்காதே. டோக்கியோவில் ஃபுஸ்ஸா, சைத்தமாவில் ஹன்யூ, ஹ்யோகோவில் அயோய், எல்லாவற்றிலும் இந்த எழுத்துதான் உட்கார்ந்திருக்கிறது. ரயில் நிலையப் பலகையில் கீழே ஹிரகானா போட்டிருப்பான், அதைப் படி.

கொல்லைப்புறம்:

பொருள் மனசில் நிற்க ஒரு வழி. இந்த எழுத்தின் பழைய வடிவம் மண்ணிலிருந்து முளைவிடும் செடி. தம்பி சொன்ன அடிக்கோடுதான் தரை. முளைப்பது, பிறப்பது, உயிரோடிருப்பது, வாடாதது, வேகாதது என்று பொருள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் போகிறது. நம் ‘பச்சை’யும் இதே பாதையில்தான் நடந்திருக்கிறது. பச்சை முட்டை, பச்சைத் தண்ணீர், பச்சைக் கறி: மூன்றிலும் பச்சையை எடுத்துவிட்டு நமா போடலாம்.

ஆனால் முழுக்க நம்பவும் கூடாது. நமா-ஹோசோ என்றால் நேரலை ஒளிபரப்பு, அங்கே பச்சை எடுபடாது. நாம் பச்சைக் குழந்தை என்றால் அவர்கள் சிவப்பைக் கொண்டு ‘அக்கா-சான்’ என்கிறார்கள். நமக்குப் பொய் பச்சை, அவர்களுக்கு அதுவும் செக்கச்செவேல்: மக்கா-நா-உசோ. இதை ஒரு ஜப்பானிய நண்பரிடம் சொல்லி அரை மணி நேரம் சிரித்திருக்கிறோம்.

நிஷிகசாய்_வாசி:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன வால் வித்தையை இன்று ரயிலில் விளம்பரங்களில் சோதித்தேன், ஆறில் ஐந்து சரி. பெட்டியில் அரைவட்ட வெட்டும் இருக்கிறது, 130 டிகிரியும் இருக்கிறது. அம்மாவிடம் காட்டினேன். “இரண்டு விநாடியில் பால் எப்படிக் காயும்?” என்று கேட்டுவிட்டு அடுப்பில் வைத்துவிட்டார். அந்தப் பஞ்சாயத்தை நான் கைவிட்டாயிற்று.

கடைசியாக ஒன்று. முட்டை அட்டைக்குள் இருந்த சீட்டில் தேதிக்குப் பக்கத்தில் இதே எழுத்து, அடுத்து ‘உண்’ என்ற எழுத்து. பச்சையாகத்தான் தின்ன வேண்டும் என்கிறானா?

கன்சாய்_அக்கா:

இல்லை. அது செய்ஷொகு, பச்சையாகத் தின்பது. இந்தத் தேதிவரை பச்சையாகவும் தின்னலாம் என்கிறான். தேதி தாண்டினால் நன்றாக வேகவைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடு. சிப்பி வாங்கும்போதும் இதே சொல்லைத் தேடு: ‘செய்ஷொகு-யோ’ என்றிருந்தால் மட்டும் பச்சையாகத் தின்னலாம். ‘கனெத்சு-யோ’ என்றால் வேகவைக்கத்தான், எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் சரி. அந்தப் பொட்டலத்தை அம்மாவிடமே கொடுத்துவிடு.