நட்பு நாட்டை விமர்சிக்கும் குடிமகனை அவனுடைய அரசே தடுக்கலாமா?

நாற்சந்தி (கேள்வி):

இந்திய அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு பேச்சுரிமையை வழங்குகிறது. அதன் இரண்டாம் உட்பிரிவு, எந்தெந்தக் காரணங்களுக்காக அந்த உரிமைக்கு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்று சொல்கிறது. பொது ஒழுங்கு, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு முதலியவற்றோடு ‘அயல்நாடுகளுடனான நட்புறவு’ என்பதும் அங்கே ஒரு காரணமாக இடம்பெற்றிருக்கிறது. மற்றவை எனக்கு ஓரளவு விளங்குகின்றன. அவதூறு என்றால் பாதிக்கப்பட்ட ஒருவர் இருக்கிறார். கலவரத்தைத் தூண்டினால் அதன் விளைவு தெருவில் தெரியும். நட்புறவு கெட்டுவிட்டது என்பதை யார், எதை வைத்து முடிவு செய்வது? அரசே குற்றம் சாட்டி, அரசே சான்றளித்து, அரசே அளவும் குறித்துக்கொள்ளும் காரணமாக அல்லவா இது இருக்கிறது?

இந்தக் கேள்வி எழுந்ததற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. என் தம்பி அயல்நாடு ஒன்றில் வேலை பார்க்கிறான். அந்நாட்டு ஆட்சியைப் பற்றி நான் எழுதிய பதிவொன்றை நீக்கிவிடும்படி கேட்டுக்கொண்டான், நீக்கிவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதே பதிவை நீக்கச் சொல்லி என் நாட்டு அரசு ஆணையிட்டிருந்தால் நான் இவ்வளவு எளிதாக ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். நாட்டு நலன் என்ற பெயரில் அப்படிக் கேட்பதற்கு அரசுக்கு உரிமை இருக்க வேண்டுமா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பழஞ்சுவடி:

இது மிகப் பழைய வழக்கு. 1802-இல் பிரிட்டனும் பிரான்சும் ஆமியான் உடன்படிக்கையால் சமாதானமாக இருந்த குறுகிய காலத்தில், லண்டனில் அடைக்கலம் புகுந்திருந்த ழான் பெல்த்தியே என்ற பிரெஞ்சு முடியாட்சி ஆதரவாளர் தம் இதழில் நெப்போலியனைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். நெப்போலியன் தரப்பு நடவடிக்கை கோரியது. சமாதானத்தைக் காப்பாற்ற விரும்பிய பிரிட்டிஷ் அரசு அவர்மீது வழக்குத் தொடுத்தது. பெல்த்தியேவுக்காக வாதாடிய ஜேம்ஸ் மெக்கின்டாஷ், ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் சுதந்திரமான அச்சகம் இங்கிலாந்தில் மட்டுமே உள்ளது என்ற பொருள்பட நெடிய உரை நிகழ்த்தினார். இருந்தும் 1803 பிப்ரவரியில் ஜூரிகள் பெல்த்தியேவைக் குற்றவாளி என்றே தீர்மானித்தனர். தண்டனை அறிவிக்கப்படுவதற்குள், மே மாதத்தில், இரு நாடுகளுக்கும் இடையே மீண்டும் போர் மூண்டது. நட்பு நாட்டின் தலைவரைப் பழித்த குற்றவாளி, எதிரி நாட்டின் தலைவரைப் பழித்த நல்லவராக மாறிப்போனார். தண்டனை விதிக்கப்படவே இல்லை. அவர் எழுதியதில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்தியாவைப் பொறுத்தவரை, பிரிட்டிஷ் ஆட்சி 1932-இல் அயல்நாட்டு உறவுகள் சட்டம் என்ற ஒன்றை இயற்றி, பிரிட்டனுக்கும் அயல்நாட்டு அரசுகளுக்கும் இடையிலான நட்பைக் குலைக்கக்கூடிய வெளியீடுகளைத் தண்டனைக்கு உரியனவாக்கியது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் மூல வடிவத்தில் ‘நட்புறவு’ என்ற காரணம் இல்லை. நேருவின் கொள்கைகளைச் சாடிய ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழுக்குச் சென்னை மாகாணத்தில் விதிக்கப்பட்ட தடையை 1950 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் வந்த முதலாவது திருத்தச் சட்டந்தான் பொது ஒழுங்கு, குற்றம் புரியத் தூண்டுதல் ஆகியவற்றோடு நட்புறவையும் சேர்த்தது. ‘நியாயமான’ என்ற அடைமொழி நுழைந்ததும் அதே திருத்தத்தில்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது இல்லாதிருந்தால் கட்டுப்பாடு நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராய்வதற்கே பிடிமானம் இருந்திருக்காது. சிறுபான்மையினரின் பாதுகாப்புக்காக இந்தியாவும் பாகிஸ்தானும் செய்துகொண்ட நேரு–லியாகத் ஒப்பந்தத்தை ஏற்காமல் 1950 ஏப்ரலில் அமைச்சரவையிலிருந்து விலகிய சியாமா பிரசாத் முகர்ஜி இந்தத் திருத்தத்தைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர். பாகிஸ்தானைப் பற்றிய பேச்சுக்கு வேலி போடும் விதி என்று அவர் தரப்பு கருதியதில் வியப்பில்லை.

கரைவழி:

வரலாறு சுவையாக இருக்கிறது. ஆனால் விலை கொடுப்பவர் யார் என்ற கேள்வியை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். 2005 செப்டம்பர் 30 அன்று டென்மார்க்கின் நாளேடு ஒன்று நபிகள் நாயகத்தைப் பற்றிய 12 கேலிச்சித்திரங்களை வெளியிட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மேற்காசியக் கடைகளிலிருந்து டென்மார்க்கின் பால்பொருள்கள் அகற்றப்பட்டன. பிப்ரவரியில் டமாஸ்கஸிலும் பெய்ரூட்டிலும் அந்நாட்டின் தூதரக அலுவலகங்களுக்குத் தீ வைக்கப்பட்டது. கேலிச்சித்திரத்துக்கும் பால் கறந்து பிழைக்கும் விவசாயிக்கும் என்ன தொடர்பு? எழுதுபவர் தம் உரிமையைப் பயன்படுத்துகிறார். அதன் செலவு அயல்நாட்டில் வேலை செய்பவர், ஏற்றுமதியாளர், தூதரகக் காவலர் என்று முகம் தெரியாத பலரின் தலையில் விழுகிறது. நாற்சந்தி தம் தம்பிக்காகப் பதிவை நீக்கினார் அல்லவா? பல இலட்சம் தம்பிகளின் சார்பில் ஓர் அரசு அதையே கேட்டால் அது எப்படி அடக்குமுறையாகிவிடும்? எல்லாக் கட்டுப்பாட்டையும் நான் ஆதரிக்கவில்லை. ஆனால் நாட்டு நலன் என்பது அமைச்சர்களின் நலன் மட்டுமே என்பதுபோல் பேசுவதை ஏற்க முடியவில்லை.

நடுப்பக்கம்:

கரைவழி எடுத்துக்காட்டிய டென்மார்க் நிகழ்வையே நான் எதிர்த்தரப்புக்குப் பயன்படுத்த விரும்புகிறேன். அந்தச் சித்திரங்கள் வெளியானதும் 11 தூதர்கள் பிரதமர் ராஸ்முசனைச் சந்திக்க நேரம் கேட்டனர். அவர் சந்திக்க மறுத்து, பத்திரிகைகளைக் கட்டுப்படுத்த அரசுக்கு வழியில்லை என்றும், புண்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாடலாம் என்றும் பதில் எழுதினார். சந்திக்க மறுத்தது அரசியல் முதிர்ச்சி இல்லாத செயல் என்பது என் எண்ணம். வந்தவர்களை உட்கார வைத்து அதே பதிலைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பதிலின் உள்ளடக்கம் வலிமையானது. ‘எனக்கு அதிகாரம் இல்லை’ என்று சொல்ல முடிவது ஓர் அரசுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த கேடயம்.

அந்தக் கேடயம் இல்லாத அரசின் நிலையை 2016-இல் ஜெர்மனியில் பார்த்தோம். துருக்கி அதிபர் எர்துவானைப் பற்றி ஒரு நையாண்டிக் கலைஞர் தொலைக்காட்சியில் ஆபாசமான கவிதை ஒன்றை வாசித்தார். அயல்நாட்டுத் தலைவரை அவமதிப்பதைத் தனிக் குற்றமாக்கும் 103-ஆவது பிரிவு ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தில் அப்போது இருந்தது. அதன்படி வழக்குத் தொடர முக்கியமாக இரண்டு தேவைப்பட்டன: அயல்நாட்டு அரசின் கோரிக்கை, ஜெர்மன் அரசின் அனுமதி. துருக்கி கோரிக்கை விடுத்த அந்தக் கணத்தில், ஒரு கவிஞரின் நாகரிகக் குறைவு அங்கேலா மெர்க்கலின் முடிவாக மாறிவிட்டது. அனுமதித்தால் எர்துவானுக்குப் பணிந்தார் என்று உள்நாட்டில் பழி. மறுத்தால் கவிதையை ஜெர்மன் அரசே ஆமோதித்தது என்று அங்காராவில் பழி. அகதிகள் தொடர்பாகத் துருக்கியோடு ஐரோப்பிய ஒன்றியம் உடன்பாடு கண்டு ஒரு மாதங்கூட ஆகாத நேரம் வேறு. மெர்க்கல் அனுமதி அளித்தார். அளித்த அன்றே அந்தப் பிரிவை நீக்கப்போவதாகவும் அறிவித்தார். போதிய ஆதாரம் இல்லையென்று குற்றவியல் விசாரணை அக்டோபரில் கைவிடப்பட்டது. 2018 ஜனவரி முதல் அந்தப் பிரிவு இல்லை. நட்புறவைக் காப்பதற்காக இருந்த சட்டந்தான் அந்த உறவை நெருக்கடிக்குள் தள்ளியது.

பிரான்சிலும் 1881-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்தில் இதே வகைக் குற்றம் இருந்தது. மொராக்கோ அரசரைப் பற்றிய ஒரு கட்டுரைக்காக ‘ல மோந்த்’ நாளேட்டின் மீது தொடுக்கப்பட்ட வழக்கில், எழுதியது உண்மை என்று மெய்ப்பிப்பதற்குக்கூடச் சட்டம் இடம் தரவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2002-இல் அதைக் கண்டித்தது. 2004-இல் பிரான்ஸ் அந்த விதியை நீக்கிவிட்டது.

அயல்நாட்டு அரசுக்கு நாம் கடமைப்பட்டிருப்பது வேறொன்று. 1961-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 22-ஆவது பிரிவு, தூதரகத்தைத் தாக்குதலிலிருந்தும் தொந்தரவிலிருந்தும் காக்க வேண்டிய தனிப் பொறுப்பை அது அமைந்திருக்கும் நாட்டின் மீது சுமத்துகிறது. இதை எப்படிப் பேச்சுரிமையோடு பொருத்துவது என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988-இல் அளித்த தீர்ப்பு நல்ல பாடம். வாஷிங்டனில் ஒரு தூதரகத்திலிருந்து 500 அடிக்குள் அதன் அரசை இழிவுபடுத்தும் பதாகை பிடிக்கக்கூடாது என்று 1938-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. சோவியத் தூதரகத்தின் முன், அந்நாட்டு ஆட்சியை எதிர்த்த இயற்பியலாளர் சகரோவுக்காக ‘சகரோவை விடுதலை செய்’ என்ற பதாகையோடு நிற்க விரும்பியவர்கள் வழக்குத் தொடுத்தனர். பதாகைத் தடை ரத்தாயிற்று. ஆனால் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் உள்ள கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் காவல்துறைக்கு இருக்கலாம் என்று நீதிமன்றம் ஏற்றது. சுவருக்கும் ஆளுக்கும் பாதுகாப்பு உண்டு, மனம் புண்படாமைக்கு உத்தரவாதம் இல்லை. கரைவழி கூறும் தூதரகக் காவலரும் ஏற்றுமதியாளரும் இந்த ஏற்பாட்டில் கைவிடப்படவில்லை. தீ வைத்தவன்தான் குற்றவாளி, வரைந்தவன் அல்லன்.

கரைவழி:

நடுப்பக்கத்தின் வாதம் அழகாக இருக்கிறது, ஆனால் டென்மார்க்கின் கதை 2006-இல் முடியவில்லை. மத நிந்தனைச் சட்டத்தை 2017-இல் நீக்கிய அதே டென்மார்க், குர்ஆன் எரிப்புச் சம்பவங்கள் தொடர்ந்ததை அடுத்து, 2023 டிசம்பரில் மத நூல்களைப் பொதுவெளியில் இழிவாகக் கையாள்வதைத் தடைசெய்யும் சட்டத்தை 94–77 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. இரண்டு ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். நாட்டின் பாதுகாப்பும் வெளியுறவு நலனும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. கேடயம் அவ்வளவு சிறந்ததென்றால் அதை ஏன் கழற்றி வைத்தார்கள்? அக்கம்பக்கத்தில் ஸ்வீடன் நேட்டோவில் சேர 2024 மார்ச் வரை காத்திருக்க நேர்ந்ததில், அங்கே நடந்த குர்ஆன் எரிப்புகள் பற்றிய துருக்கியின் மனக்குறைக்கும் பங்குண்டு.

நடுப்பக்கம்:

நியாயமான கேள்வி. ஒன்றை மட்டும் சொல்வேன்: டென்மார்க் நாடாளுமன்றம் தடை செய்தது ஒரு செயலை, அதுவும் வெளிப்படையான விவாதத்துக்குப் பின், எது குற்றம் என்று முன்கூட்டியே எழுதி வைத்து. எந்த அயல்நாட்டு அரசு முகம் சுளிக்கிறது என்பதைப் பொறுத்து அந்தக் குற்றம் தோன்றி மறைவதில்லை. அந்தச் சட்டமும் தவறு என்றே நான் கருதுகிறேன். ஆனால் ‘நட்புறவு’ என்ற திறந்த சொல்லைக் காட்டிலும் அது குறைவான தவறு.

தாழ்வாரம்:

பேச்சை மட்டும் வைத்து விவாதிக்கிறீர்கள். நட்புறவு என்ற சொல் நம் கடவுச்சீட்டுச் சட்டத்திலும் இருக்கிறது. 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, அயல்நாட்டுடனான நட்புறவைக் காரணம் காட்டி ஒருவரின் கடவுச்சீட்டைக் கைப்பற்றி வைக்க அதிகாரிக்கு இடம் தருகிறது. ‘பொதுமக்கள் நலன்’ என்ற அதே பிரிவின் மற்றொரு காரணத்தைக் காட்டித்தான் 1977-இல் மேனகா காந்தியின் கடவுச்சீட்டு கைப்பற்றப்பட்டது. ஏன் என்று கேட்டபோது, காரணத்தைச் சொல்லாதிருப்பதும் பொதுமக்கள் நலனுக்கே என்று பதில் வந்தது. அந்த வழக்கில் 1978-இல் வந்த தீர்ப்புதான் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற கோட்பாட்டை நிலைநிறுத்தியது.

அமெரிக்கப் பாடகர் பால் ராப்சனின் கடவுச்சீட்டை அவருடைய அரசு 1950-இல் ரத்து செய்தது. கறுப்பின மக்கள் நடத்தப்படும் விதத்தை அவர் அயல்நாடுகளில் போய்ப் பேசுகிறார் என்பதை ஒரு குறையாகவே அரசு நீதிமன்றத்தில் குறிப்பிட்டது. அதாவது, அந்த உண்மை இருந்தது சிக்கலாகத் தெரியவில்லை, அது எல்லை கடந்து கேட்டதுதான் சிக்கலாயிற்று. 1957-இல் அவர் அமெரிக்காவில் இருந்தபடியே, அட்லாண்டிக் கடலடித் தொலைபேசி வடத்தின் வழியாக லண்டனிலும் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களின் விழாவிலும் கூடியிருந்தவர்களுக்குப் பாடினார். அடுத்த ஆண்டு, ஓவியர் ராக்வெல் கென்ட் தொடுத்த வழக்கில், கொள்கைச் சார்பைக் காரணம் காட்டிக் கடவுச்சீட்டை மறுக்க வெளியுறவு அமைச்சருக்கு அதிகாரம் இல்லையென்று உச்ச நீதிமன்றம் கூறிய பிறகே ராப்சனுக்கும் கடவுச்சீட்டு திரும்பக் கிடைத்தது.

நாற்சந்தி:

அனைவருக்கும் நன்றி. கரைவழிக்கு ஒரு விளக்கம்: என் தம்பி கேட்டபோது முடியாது என்று நான் மறுத்திருக்கலாம், மறுத்தாலும் அவன் என்னைச் சிறைக்கு அனுப்ப முடியாது. அரசு பல இலட்சம் தம்பிகளின் சார்பில் வேண்டுகோள் விடுத்தால் நானும் செவிசாய்ப்பேன், ஆணையாக வரும்போதுதான் தயங்குகிறேன். நடைமுறையில் இன்று இணையப் பதிவு ஒன்றுக்கு இந்தக் காரணம் காட்டப்பட்டால் என்ன நடக்கும் என்று யாராவது விளக்க முடியுமா?

பழஞ்சுவடி:

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் நட்புறவும் ஒரு காரணமாக இருக்கிறது. அதன் அடிப்படையில் மத்திய அரசு ஒரு பதிவையோ கணக்கையோ முடக்கும்படி சமூக ஊடக நிறுவனத்துக்கு ஆணையிடலாம். 2009-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு குழு கோரிக்கையை ஆராய வேண்டும். பதிவிட்டவரையோ நிறுவனத்தையோ கண்டறிந்து அறிவிப்பு அனுப்ப முயல வேண்டும். அவசரம் என்றால் முதலில் முடக்கிவிட்டுப் பிறகு ஆராயலாம். ஆணைகளைச் சீராய்வுக் குழு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். 2015-இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை ரத்து செய்தாலும், காரணங்கள் எழுத்தில் பதிவாவதால் அவற்றை நீதிப் பேராணை (ரிட்) மனு மூலம் எதிர்க்க முடியும் என்று சொல்லி 69ஏ பிரிவை நிலைநிறுத்தியது.

நடைமுறையில் இடிப்பது 16-ஆவது விதி. கோரிக்கையும் அதன்மீது எடுக்கப்படும் நடவடிக்கையும் கண்டிப்பாக இரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்கிறது அது. ஆகவே உங்களுக்கு வந்து சேருவது பெரும்பாலும், சட்டப்படியான கோரிக்கையின் பேரில் உங்கள் பதிவு இந்தியாவில் முடக்கப்பட்டுள்ளது என்று நிறுவனம் அனுப்பும் ஒற்றை வரியாகவே இருக்கும். அந்த வரி வந்தால் முதலில் ஆணையின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். தராவிட்டால், தரவில்லை என்பதையே ஒரு காரணமாகக் காட்டி உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.